ஒன்றரை என்று எழுதியிருந்த மோட்டார்

என் மகனுக்கு, திருச்சானூர் ரோட்டு வீட்டிலிருந்து அம்மா எழுதுவது. இங்கே எல்லாரும் நலம் என்று எழுத எல்லாரும் இல்லை, நான் ஒருத்திதான். எனக்கு முட்டிவலியைத் தவிர வேறு குறை ஒன்றும் இல்லை. இதைத் தமிழில் எழுதுகிறேன். நீ சித்தூரில் தெலுங்குப் பள்ளிக்கூடத்தில் சேர்ந்து, பிறகு இங்கிலீஷுக்குப் போனவன். தமிழ் எழுத்து உனக்குக் கடைப் பலகையும் சினிமா போஸ்டரும் படிக்கிற அளவுக்குத்தான் வரும். வரட்டும். செல்போனில் நான் எது அனுப்பினாலும் விரலால் ஒரு தள்ளு தள்ளிவிட்டு ‘ஓகேம்மா’ என்று போட்டுவிடுகிறாய். இதை அப்படித் தள்ள முடியாது, எழுத்துக் கூட்டித்தான் படித்தாக வேண்டும். எனக்கும் எங்கள் ஊர் பாலசமுத்திரத்தில் எட்டாவது வரை படித்த இந்த எழுத்தைத் தவிர வேறு எழுத்துத் தெரியாது.

போன ஞாயிற்றுக்கிழமை நீ பேசினாய். ரேவதியும் நீயும் பிரிவது முடிவாகிவிட்டது என்றாய். அது தெரிந்த சங்கதிதான், ஒரு வருஷமாகத் தனி வீட்டில்தானே இருக்கிறீர்கள். அதற்குமேல் நீ சொன்னதுதான் எனக்குப் புதுசு. தாரணியை உன்னிடமே கொடுக்கச் சொல்லிக் கோர்ட்டில் கேட்கப் போகிறாய் என்றாய். பத்து வயசுப் பெண்ணைத் தாயிடமிருந்து பிரித்துக் கொடுப்பார்களா என்று கேட்டேன். அதற்கு நீ சொன்ன பதில் ஒரு எழுத்துக் குறையாமல் நினைவிருக்கிறது. “அந்த ஹாட் டப் மேட்டர் ஒண்ணு போதும்மா. கொழந்தைய தண்ணியில உட்டுட்டு போன் பேசிக்கினு இருந்தவகிட்ட எந்த ஜட்ஜ் குடுப்பாரு? நீ கண்ணால பாத்தவ. வீடியோல வந்து சாட்சி சொல்லு, மீதிய நான் பாத்துக்கிறேன்.” நான் சரி என்றேன். ஆறு வருஷமாக இந்த விஷயத்தில் உனக்குச் சரி என்றுதான் சொல்லிவருகிறேன், வாய் பழகிவிட்டது. போனை வைத்த பிறகு அடுப்பு பற்ற வைக்கக்கூடப் பிடிக்கவில்லை. சாட்சிதானே கேட்டாய்? சொல்கிறேன், படி.

சாட்சி யார் என்பதை முதலில் சொல்ல வேண்டும், ஏனென்றால் நீ அதை மறந்துவிட்டாய். உன் அப்பா, நைனாவுக்கு ஒரு குழி நிலம் கிடையாது. பாலசமுத்திரத்தில் ஒரு பெரிய நிலக்காரரின் கிணற்று மோட்டாரைப் பார்த்துக்கொள்கிற கூலி வேலை. மோட்டார் எரிந்தால் அதைச் சைக்கிளில் கட்டிச் சித்தூருக்குக் கொண்டுபோய், அவர்கள் சரிசெய்து முடிக்கிற வரைக்கும் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துப் பார்த்தே வைண்டிங் கற்றுக்கொண்டார். நீ கைக்குழந்தையாக இருந்தபோது சித்தூரிலேயே கடை போட்டோம். பலகையில் அவர் பெயர், உள்ளே மோட்டாருக்குச் செம்புக் கம்பியைக் காயிலாகச் சுற்றியது நான். அவர் கைக்குப் பொறுமை கிடையாது. சுற்று ஒன்று கூடினாலும் குறைந்தாலும் மோட்டார் சூடேறிப் பத்து நாளில் திரும்பி வந்துவிடும். நான் சுற்றியது திரும்பி வராது. நீ ஸ்கூல் விட்டு வந்து வாசலோடு நின்று சாவி வாங்கிக்கொண்டு போவாய். ஒன்பதாவதுக்கு மேல் வாசலுக்கும் வரவில்லை. வார்னிஷ் வாடை தலைவலிக்கிறது என்றாய். கூடப் படிக்கிறவர்கள் பார்த்துவிடுவார்கள் என்பதுதான் உன் தலைவலி என்று எனக்கு அப்போதே தெரியும். உன்னிடம் கேட்கவில்லை.

அப்போது சித்தூர் சுற்றுவட்டாரம் முழுக்கத் தண்ணீருக்கு போர் போட்டார்கள். பக்கத்து நிலத்துக்காரன் மூணு ஹெச்பி மோட்டார் இறக்கினால் இவன் அஞ்சு இறக்குவான், அவன் விடுவானா, ஏழரைக்குப் போவான். மோட்டாருக்கு மீட்டர் கிடையாது, எத்தனை ஹெச்பியோ அதை வைத்துத்தான் கரண்டுக் கட்டணம். மோட்டார் உடம்பில் ஒரு சின்னத் தகடு ரிவிட் அடித்து வைத்திருக்கும், ஹெச்பி அதில்தான் எழுதியிருக்கும். கரண்டு ஆபீசிலிருந்து வருகிறவர்கள் தகட்டைப் பார்ப்பார்கள், எழுதிக்கொள்வார்கள், போவார்கள். அதனால் அஞ்சு ஹெச்பி மோட்டாருக்கு மூணு ஹெச்பி தகட்டை அடித்துக் கொடுப்போம். எங்கள் கடை மட்டும் இல்லை, அந்த ஊரில் கேட்டால் யாரும் செய்வார்கள். “பிளேட்டு மாத்தணுமா” என்று நாங்களே கேட்போம், டீ சொல்லட்டுமா என்று கேட்கிற மாதிரி. பழைய தகடுகள் ஒரு பிஸ்கட் டின் நிறைய இருந்தன. நைனாவுக்குக் கண் மங்கிய பிறகு ரிவிட் அடிப்பதும் என் வேலையாயிற்று. துளி வெட்கம் இருந்ததில்லை. ஆனால் ஒரு லைனில் உள்ள எல்லா மோட்டாரும் தகட்டில் இருப்பதைவிட அதிகம் இழுத்தால் டிரான்ஸ்பார்மர் என்ன செய்யும்? வோல்டேஜ் விழும். வோல்டேஜ் விழுந்தால் மோட்டார் எரியும். எரிந்தது எங்கள் கடைக்குத்தான் வரும். நீ ஹாஸ்டலில் இருந்து படித்தது அதில்தான். நான் சுற்றிய காயில்தான் என் பிள்ளையை இன்ஜினியர் ஆக்கியது என்று ஊரெல்லாம் சொல்லித் திரிந்திருக்கிறேன். பாதிதான் உண்மை. மீதி அந்தப் பிஸ்கட் டின்.

பிறகு நீ கம்ப்யூட்டர் கற்க ஹைதராபாத் போனாய், அங்கிருந்து அமெரிக்கா. அந்த வருஷங்களில் வீட்டுக்கு ஒரு பிள்ளை அப்படிப் போனான், நாங்களும் பெருமையாகத்தான் அனுப்பினோம். நைனா போன பிறகு கடையை மூடச் சொன்னாய், மூடினேன். நகரியில் தறி ஓட்டுகிறவர் வீட்டுப் பெண் ரேவதியை உனக்குப் பார்த்தது நான். படித்தவள், அதிர்ந்து பேசாதவள். இந்த வீட்டை வாங்கியது நீ. உன்னைப்போல அமெரிக்காவுக்குப் போய்த் திரும்பிய யாரோ ஆசையாகக் கட்டி, இருக்கப் பிடிக்காமல் மறுபடி அங்கேயே போய்விட்ட வீடு. மொட்டைமாடியில் அவர் அங்கிருந்து கப்பலில் தருவித்த வெந்நீர்த் தொட்டி, நீ ஹாட் டப் என்பது. நீ வீட்டைப் பார்த்ததைவிட அதைத்தான் அதிகம் பார்த்தாய். பட்டனை அழுத்தினால் பக்கவாட்டுத் துளைகளில் வெந்நீர் பீய்ச்சியடிக்கும், உள்ளே உட்கார்ந்தால் உடம்பு பிடித்துவிட்ட மாதிரி இருக்கும், உன் முட்டிக்கு நல்லதும்மா என்றாய். நான் இரண்டே முறை உட்கார்ந்தேன். கோடையில் லாரித் தண்ணீருக்குக் காத்துக் கிடக்கிற தெருவில், நூறு குடம் தண்ணீரைச் சுடவைத்து ஒருத்தி அதில் காலை நீட்டி உட்காருவது எனக்கு ஒப்பவில்லை. உன்னிடம் மட்டும் தினமும் உட்காருகிறேன் என்று சொல்லிவந்தேன். உனக்கு எந்தப் பதில் பிடிக்குமோ அதைச் சொல்லிச் சொல்லியே உன்னைக் கெடுத்தேன்.

தாரணிக்கு நாலு வயசாகும் வரை முடி எடுக்கவில்லை. முதல் முடி திருப்பதி மலைக்குத்தான் என்று வேண்டுதல், உங்களுக்கோ லீவு கிடைக்கவில்லை, முடி இடுப்பு வரை வளர்ந்துவிட்டது. அந்த வருஷம் வருகிறோம், குழந்தைக்கு மொட்டையும் போட்டுவிடலாம், மாடித் தொட்டியை ரெடி பண்ணி வை, பாப்பாவுக்குத் தண்ணி என்றால் உயிர் என்றாய். போய் ஸ்விட்சைப் போட்டேன். மோட்டார் முனகியது, சுற்றவில்லை. ஸ்க்ரூடிரைவரால் தண்டை ஒரு தள்ளுத் தள்ளினால் சுற்றியது. மோட்டாரைக் கிளப்பிவிடுகிற கண்டென்சர் போயிருக்கிறது என்று தெரிந்தது, வாங்கி மாற்றினேன். இரண்டு நாள் ஓடி, தண்டு ஓரத்தில் தண்ணீர் கசிந்தது. சீல் மாற்றினேன், பேரிங்கும் மாற்றினேன். நாலாம் நாள் கருகின வாடை. கழற்றிப் பார்த்தால் காயில் கறுத்துக் கிடக்கிறது. அப்புறம்தான் தகட்டில் இருந்த எண்களைச் சரியாகப் பார்த்தேன், அது அறுபது சைக்கிள் கரண்டுக்குக் கட்டின மோட்டார். நம் ஊர்க் கரண்டு ஐம்பது. இங்கே அது மெதுவாகத்தான் சுற்றும், சூடும் அதிகம் ஏறும். இத்தனை வருஷம் ஓடியதே பெரிது. நான் சுற்று கூட்டி, புதுசாகக் காயில் சுற்றி வார்னிஷ் போட்டுக் காயவைத்து மாட்டினேன். எட்டு வருஷத்துக்குப் பிறகு தொட்ட வேலை, முதல் முறையிலேயே ஓடியது. சந்தோஷத்தில் உனக்கு வீடியோ போட்டுக் காட்டினேன்.

நீ என்ன செய்தாய் என்று நினைவிருக்கிறதா? தண்ணீரைப் பார்த்தாய். துளைகளில் வேகம் பத்தவில்லை, இதற்கா இத்தனை நாள் என்றாய். வேகம் எப்போதும் அவ்வளவுதான், அது நம் கரண்டுக்கு அவ்வளவுதான் வரும் என்றேன். பெரிய மோட்டார் போட்டால் வரும் என்றும் சொன்னேன். வேண்டவே வேண்டாம், ஒன்றரை ஹெச்பிக்கு மேல் போகக்கூடாது என்று மேனுவலில் இருக்கிறது, நானே இங்கிருந்து வேறு பம்ப் வாங்கி யாரிடமாவது கொடுத்தனுப்புகிறேன் என்றாய். அத்தோடு விட்டிருக்கலாம். “இது போர் மோட்டர் இல்லம்மா. உனக்குப் புரியாது, நீ கைய வெக்காத” என்றாய். பக்கத்தில் யாரோ இருந்தார்கள் போல, அவர்களிடம் இங்கிலீஷில் ஏதோ சொல்லிச் சிரித்தாய். ஏன் ஒன்றரைக்கு மேல் கூடாது என்று நீயும் சொல்லவில்லை, உனக்கும் தெரியாது. மோட்டார் கடைப் பிள்ளை, வாழ்நாளில் ஒரு மோட்டாரைக் கையால் தொட்டதில்லை, எனக்குப் புரியாது என்கிறான். அன்று எனக்கு வந்த ஆத்திரம் இன்றைக்கும் அப்படியே இருக்கிறது, அதை உன்னிடம் ஒளிக்கப் போவதில்லை. ஆனால் ஆத்திரத்தில் நான் செய்த காரியத்துக்கு நீ பொறுப்பில்லை.

சித்தூருக்கு பஸ் ஏறினேன். பழக்கமான இடத்தில் ஒரு மூணு ஹெச்பி மோட்டாரும் பம்ப்பும் சேர்ந்தாற்போல எடுத்தேன், தோட்டத்துக்கு இறைக்கிற ரகம். பெயின்ட் அடித்தேன். பழைய அமெரிக்க மோட்டாரின் தகட்டை உளியால் எடுத்து, புதுசின் மேல் வைத்து நாலு ரிவிட் அடித்தேன். ஒன்றரை ஹெச்பி என்று இங்கிலீஷில் எழுதின தகடு. கை தானாகச் செய்தது. பொய் சொல்கிறோம் என்றுகூட மனசில் படவில்லை. இன்னொன்றும் செய்தேன். தொட்டியின் அடியில் தண்ணீரை உறிஞ்சுகிற வாய் இரண்டு இருந்தன. ஒன்று கசிந்துகொண்டே இருந்தது, அதைப் பிசின் வைத்து அடைத்துவிட்டேன், இழுப்பு முழுக்க மற்றதற்கே வந்தது. மற்றதன் மேல் பிளாஸ்டிக்கில் கவிழ்த்த கிண்ணம் மாதிரி ஒரு மூடி, வெயிலில் பொடிந்துபோயிருந்தது. எவர்சில்வர் தட்டு ஒன்றை அளவுக்கு வெட்டி, துளை போட்டு, தட்டையாகத் திருகி மூடினேன். கிணற்றில் இறக்குகிற குழாய்க்கு அப்படித்தானே போடுவோம், குப்பை போகாமல் இருந்தால் சரி. கிணற்றுக்குள் யாரும் குழந்தையை உட்கார வைப்பதில்லை என்பது எனக்குத் தோன்றவில்லை. ஸ்விட்சைப் போட்டதும் தண்ணீர் எதிர்ச்சுவரில் போய் அடித்தது. உனக்கு வீடியோ போட்டேன். தகட்டைக் கிட்டே காட்டச் சொன்னாய், காட்டினேன். “ஒண்ணரதான், சூப்பர்மா” என்றாய். என்னை நீ பாராட்டியது கடைசியாக அன்றுதான்.

நீங்கள் வந்த மூன்றாம் நாள், மலைக்குப் போக இருந்ததற்கு முந்தின நாள். காலேஜ் கூட்டாளிகளோடு நீ சந்திரகிரிக் கோட்டைக்குப் போயிருந்தாய். மதியம் சாப்பிட்டு எழுந்து நான் கீழே வேர்க்கடலை வேகவைத்துக்கொண்டிருந்தேன். மாடியில் தாரணி தொட்டிக்குள், ரேவதி விளிம்பில் காலை உள்ளே விட்டு உட்கார்ந்திருந்தாள். போன் அடித்தது, அவள் எடுத்தாள். அது யார் போன்? உன் போன். கோட்டையைக் காட்ட வீடியோ போட்டாய். கீழே விழுந்த பொம்மையை எடுக்கக் குழந்தை குனிந்தது. அவ்வளவுதான். ரேவதி போட்ட சத்தத்தில் நான் எப்படிப் படியேறினேன் என்று தெரியாது, எனக்கு அன்றைக்கு முட்டி வலிக்கவில்லை. மேலே போனால் தொட்டியில் இரண்டு பேர் தலையும் தெரியவில்லை. படிக்கட்டுப் பக்கத்து மெயின் ஸ்விட்சை அணைத்தேன், மோட்டார் நின்றது. அப்படியும் குழந்தையின் முடி வரவில்லை, நான் திருகின தட்டின் துளைகளுக்குள் போய்ச் சிக்கிக்கொண்டிருந்தது. ரேவதி தண்ணீருக்குள் இருந்தாள். தன் வாயைக் குழந்தை வாயோடு வைத்து ஊதுகிறாள். மேலே வந்து மூச்சை இழுத்துக்கொண்டு மறுபடியும் உள்ளே போகிறாள், ஊதுகிறாள். என்னைப் பார்க்கக்கூட இல்லை. மோட்டார் பக்கத்தில் நான் விட்டுவைத்திருந்த தகரக் கத்தரியை எடுத்து, தண்ணீருக்குள் கையை விட்டுத் தடவித் தடவி முடியை அறுத்தேன். அம்மா ஊதினதுதான் பிள்ளையைக் காப்பாற்றியது என்று டாக்டர் என்னிடம் சொன்னார். அதை நான் உன்னிடம் சொல்லவில்லை. உனக்கு இன்று வரை அது தெரியாது. சாட்சியில் முதலில் இதை எழுதிக்கொள்.

நீ ஆஸ்பத்திரிக்கு வந்தபோது குழந்தை கண் திறந்துவிட்டது. வராந்தாவில் ரேவதி நனைந்த துணியோடு நின்றுகொண்டிருந்தாள். உன்னைப் பார்த்ததும் அவள் சொன்னது இவ்வளவுதான். “தண்ணி இழுத்துச்சிங்க. ரெண்டு கையால புடிச்சி இழுத்தேன், வரல.” நீ அப்படியே திரும்பி வீட்டுக்குப் போனாய், ஒரு மணி நேரத்தில் வந்தாய். தகட்டைப் போட்டோ எடுத்து வந்திருந்தாய். ஒன்றரை ஹெச்பிக்கு அந்த இழுப்பு வராது, இரண்டு கையால் இழுத்தும் வராத அளவுக்கு வரவே வராது என்று அவளுக்குக் கணக்குச் சொன்னாய். அப்புறம் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, “அம்மா, மோட்டர்ல ஏதாச்சும் மாத்தினியா?” என்று கேட்டாய். கேட்காமல் விட்டிருந்தாய் என்றால் எனக்கு ஒரு சாக்காவது இருந்திருக்கும். நீ கேட்டாய். நான், “இல்லப்பா, பேரிங் மட்டுந்தான்” என்றேன். பயம்தான், வேறு என்ன? பேத்தியைக் கொல்லப் பார்த்தவள் என்று நீ என்னை வாழ்நாள் முழுக்கப் பார்ப்பாயே என்கிற பயம். உனக்குப் புரியாது என்று நீ சொன்னதை நானே மெய்யாக்கிவிட்டேனே என்கிற அவமானம் வேறு. அடுத்த நாளே அந்த மோட்டாரைக் கழற்றி ஊருக்கு அனுப்பிவிட்டேன். அது இப்பவும் பாலசமுத்திரத்தில் ஒரு நிலத்துக்குத் தண்ணீர் இறைக்கிறது. இதற்குமேல் எனக்கு ஏச்சு வேண்டுமா, நீயே யோசித்து எழுது, வாங்கிக்கொள்கிறேன்.

ஐந்தாம் நாள் மலைக்குப் போனோம். ஒரு பக்கம் காதோடும் ஒரு பக்கம் தோளோடும் அறுபட்டு நின்ற மிச்ச முடியைக் கொடுத்தோம். முடி எடுக்கிறவர் குழந்தையின் தலையைத் திருப்பிப் பார்த்துவிட்டு, யார் இப்படி வெட்டினது என்று தெலுங்கில் கேட்டார். நீ ரேவதியைப் பார்த்தாய். அவள் தலையைக் குனிந்தாள். நான் சாமி தரிசனத்துக்கு நேரமாகிறது என்றேன். அதன்பிறகு ஆறு வருஷம். எந்தச் சண்டை வந்தாலும் அது தொட்டியில்தான் போய் முடிந்தது என்று எனக்குத் தெரியும், நீயே சொல்லியிருக்கிறாய். சாவியை எங்கே வைத்தாய் என்று ஆரம்பித்தாலும் குழந்தையைத் தண்ணீரில் விட்டவள்தானே என்று முடிப்பாய். அவளைத் தனியாகக் குழந்தையோடு வெளியே அனுப்ப மாட்டாய். கேமரா வைத்தாய். இது எல்லாம் எனக்குத் தெரிந்துகொண்டே இருந்தது. அவள் மட்டும் வாரம் தவறாமல் எனக்கு போன் செய்வாள். “துன்னீங்களா அத்தே, முட்டி எப்பிடி இருக்குது” என்று கேட்பாள். ஒவ்வொரு வாரமும் சொல்லிவிடலாம் என்று வாயைத் திறப்பேன், துன்னேன்டி என்று சொல்லி மூடிக்கொள்வேன்.

புத்தி சொல்கிற தகுதி எனக்கு இல்லை. இருந்தாலும் பெற்றவள், சொல்லாமல் இருக்க முடியவில்லை. நான் செய்தது பெரிய தப்பு, அதற்குச் சின்னப் பெயர் எதுவும் வேண்டாம். ஆனால் நீயும் ஒன்று செய்யாமல் விட்டாய். அன்று நீ வீட்டுக்குப் போனபோது மோட்டார் அங்கேதான் இருந்தது. தொட்டியில் தண்ணீர் இருந்தது. மெயினைப் போட்டுவிட்டு, அந்தத் தட்டின் மேல் உன் கையை ஒரு தரம் வைத்துப் பார்த்திருந்தால் போதும். உன் கையையே அது விட்டிருக்காது. என் பொய் அங்கேயே முடிந்திருக்கும். நீ கையை நனைக்கவில்லை. தகட்டைப் படித்தாய், போட்டோ எடுத்தாய், வந்துவிட்டாய். உன்னோடு குடித்தனம் நடத்துகிறவள் நனைந்த துணியோடு நின்று ஒன்று சொல்கிறாள், நாலு ரிவிட் அடித்த தகடு வேறொன்று சொல்கிறது. நீ தகட்டை நம்பினாய். நாளைக்கு நீ யாரோடு வாழ்ந்தாலும் சரி, யாராவது உன்னிடம் தண்ணீர் இழுத்தது என்று சொன்னால் முதலில் கையை விட்டுப் பார். நான் இத்தனை வயசுக்கு உனக்குக் கொடுக்கிற புத்தி அது ஒன்றுதான்.

திங்கட்கிழமை ரேவதிக்கு நானே போன் செய்தேன். உனக்குச் சொல்வதற்கு முன்னால் அவளிடம் சொல்ல வேண்டும் என்று தோன்றியது. கடை, தகடு, பஸ் ஏறிச் சித்தூர் போனது, ஆஸ்பத்திரியில் உன்னிடம் பொய் சொன்னது என்று எல்லாம் சொன்னேன்.   “எத்தினி ஹெச்பி அத்தே?” என்று கேட்டாள். மூணு என்றேன். “ரெண்டு பங்கு” என்றாள்.  அழுவாள், திட்டுவாள் என்று காதைக் கொடுத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். “தண்ணி இழுத்துச்சின்னு நான் சொன்னது எனக்கே பொய்யாத் தெரிய ஆரம்பிச்சிருச்சி அத்தே. நாந்தான் பலமா இழுக்கல போலன்னு நெனச்சிக்கினு இருந்தேன். அதான் தாரணிக்கு இன்னிக்கும் முடி வளக்கறதில்ல” என்றாள். நீ திட்டினதைக்கூட அவள் தாங்கிக்கொண்டிருப்பாள். தன் கை உணர்ந்ததைத் தானே நம்பாமல் போனாளே, அதற்கு நாம் இரண்டு பேரும்தான் பொறுப்பு, அதிலும் முதல் ஆள் நான்.

எனக்கு ஒரு ஆசை இருந்தது, மறைக்காமல் சொல்கிறேன். உண்மை தெரிந்தால் நீ ஓடிப்போய் அவள் காலில் விழுவாய், எல்லாம் சரியாகிவிடும், நானும் தப்பித்துக்கொள்வேன் என்று நினைத்தேன். அதையே அவளிடம் சொன்னேன், அவன்கிட்ட எல்லாத்தையும் சொல்லிடறேன்டி, அவன் உன்னைத் தேடி வருவான் என்று. அவள் அவசரப்படாமல் பதில் சொன்னாள். “வேணாம் அத்தே. மோட்டரு மூணு ஹெச்பின்னு தெரிஞ்சி வரவரு, நாளைக்கு வேற ஒண்ணு தெரிஞ்சா போயிடுவாரு. எனக்கு அவரு வேணாம். எம் பொண்ணு வேணும். நீங்க எனக்கு எழுதிக் குடுங்க, அது போதும்.” அதனால் இதைப் படித்துவிட்டு அவளுக்கு போன் செய்யாதே. மன்னிப்புக் கேட்கிறேன் என்று வாசலில் போய் நிற்காதே. கோபம் வந்தால் எனக்கு போன் செய், எத்தனை மணிக்கானாலும் எடுக்கிறேன். போன் செய்யாமலே இருந்துவிட்டாலும் அதற்கும் நான் தயாராகத்தான் இருக்கிறேன், வீட்டைக் காலி பண்ணு என்றாலும் பண்ணுகிறேன்.

ஜட்ஜுக்கு எழுதுவது எப்படி என்று எனக்குத் தெரியவில்லை. மூன்று தாள் எழுதிக் கிழித்தேன். எழுத உட்கார்ந்தால் உனக்குத்தான் எழுத வருகிறது. அதனால் இதுவரை எழுதியதையே கொடுத்துவிடுவது என்று முடிவு செய்தேன், இந்தக் கடைசித் தாள் மட்டும் இன்றைக்கு எழுதுகிறேன். நேற்று ஷேர் ஆட்டோ பிடித்துத் திருப்பதி டவுனில் ஒரு நோட்டரியிடம் போனேன். அவருக்குத் தமிழ் படிக்க வராது. இதில் என்னம்மா இருக்கிறது என்று தெலுங்கில் கேட்டார், நான் செய்த தப்பு இருக்கிறது என்றேன். ஒவ்வொரு தாளிலும் கையெழுத்து வாங்கிக்கொண்டு முத்திரை குத்திக் கொடுத்தார். நீ கேட்ட சாட்சி முழுசும் இதுதான், வீடியோவில் கேட்டாலும் இதையேதான் சொல்வேன். முத்திரை குத்தின அசலை நேற்றே கூரியரில் ரேவதிக்கு அனுப்பிவிட்டேன், அங்கே மொழிபெயர்த்துக்கொள்கிறேன் என்றாள். உன் கையில் இருப்பது ஜெராக்ஸ்.

அம்மா